ஸ்டீயரிங் நடுக்கமும் சங்கப் பணமும்

கல்வராயன் மலையினின்று மரவள்ளி ஏற்றி இறங்கும் பிக்கப் வண்டி மலைச்சாலையில் ஒழுங்காகவே வருகிறது. கள்ளக்குறிச்சியைத் தாண்டி, சின்னசேலம் வழியே ஆத்தூர் சேகோ ஆலைகளை நோக்கி 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது. உடனே ஸ்டீயரிங் பாகங்கள் அனைத்தையும் மாற்றிவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை. அது அங்கத்தினர்களின் பணம்.

குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, வேகம் குறைந்ததும் தணியும் நடுக்கம் பெரும்பாலும் முன்சக்கரத்தின் எடை சமமாக இல்லாததால் வருவது. வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே 40இல் தெரியாதது 80இல் கையை உலுக்குகிறது. ரிம்மின் உட்புறம் காய்ந்து ஒட்டிய மலைச்சேறே இதற்குப் போதும்! முதலில் சக்கரத்தைக் கழுவி, ஈயத்துண்டு விழுந்துள்ளதா, டயர் புடைத்துள்ளதா, ரிம் வளைந்துள்ளதா என்று நோக்க வேண்டும். பிறகு வீல் பாலன்ஸிங். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கையும், நடுக்கம் இருக்கையில் மிகுதியாகத் தெரிந்தால் பின்சக்கரங்களையும் புரொப்பெல்லர் ஷாப்டையும் ஐயுறலாம். ஜாக்கியில் தூக்கிய சக்கரம் கையால் அசைக்கையில் ஆடினால் பேரிங்கோ மூட்டுகளோ தேய்ந்திருக்கக்கூடும். அவ்வண்டியை ஓட்டவே கூடாது, உயிர்ச்சேதம் நேரும்.

பட்டறைக்காரரை மட்டும் குறை கூறுவதும் முறையன்று. எவ்வேகத்தில், பாரத்துடனா வெறுமனேயா என்று ஓட்டுநர் சொன்னாலன்றி அவர் என் செய்வார்? ஆதலின் வண்டிப் பதிவேட்டில் இவ்விவரங்களுக்கு ஒரு பத்தி வேண்டும். எந்தச் சோதனையில் எந்தப் பழுது கண்டறியப்பட்டது என்று எழுதிப் பெறாத வரை, பழுதுச் செலவுக்கான பில்லைச் செயலாளர்கள் அனுமதிக்கலாகாது.