சேற்றில் சிக்கிய வண்டியும் தெருவுக்குள் வரக்கூடாத வண்டியும்

மழைக்காலத்தில் கிராமத்து மண்சாலையில் ஒரு கார் சிக்கினால் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரை அழுத்துவார். சக்கரம் சுற்றும், சேறு தெறிக்கும், வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கும். பிறகு அவர் கீழே இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்பார். பத்து நிமிடத்தில் நாலு பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் மண்வெட்டி கொண்டு வருவார், ஒருவர் தென்னை மட்டையை இழுத்து வருவார். "ம்... தள்ளு" என்று ஒரு குரல். வண்டி ஏறிவிடும்.

வடமாவட்டங்களில் அந்த நாலு பேரில் பெரும்பாலானவர்கள் பக்கத்துச் சேரியைச் சேர்ந்தவர்களாக இருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சேரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏரிக்கு உபரிநீர் போகிற வழியில், ஓடைக்கரையில், ஊரின் பள்ளத்தில் இருக்கிறது. தார்ச்சாலை ஊரோடு நின்றுவிடும், சேறு அங்கே தொடங்கும். கரும்பு லோடு ஏற்றுகிறவர்களும் செங்கல் சூளையில் டிராக்டரைத் தள்ளிப் பழகியவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். சிக்கிய சக்கரத்தை எப்படி எடுப்பது என்பது அவர்கள் கைக்குத் தெரிந்த வித்தை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து வந்த நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்து, விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடியது. போக்குவரத்து நின்றது. அந்த மாதிரி நாட்களில் முகம் தெரியாதவருக்கு முகம் தெரியாதவர் கை கொடுப்பதை எங்கும் பார்க்கலாம். "பேரிடர் வந்தால் சாதி காணாமல் போய்விடுகிறது" என்று உடனே எழுதிவிடுகிறார்கள். சாதி எங்கும் போவதில்லை. அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் நம் கேள்வி.

பயிற்சி முகாம்களில் கல்லூரி மாணவர்கள் இதை இன்னும் கூர்மையாகக் கேட்கிறார்கள். "எங்க தெருவுக்குள்ள வந்தா பைக்கை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போடான்னு சொல்றவன் கார் சேத்துல மாட்டுனா, நாங்க ஏன் தோழர் தள்ளணும்?" நியாயமான கேள்வி. "மனிதாபிமானம் தம்பி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அவர்கள் வாயை அடைக்க எனக்கு விருப்பமில்லை.

என் பதில் இதுதான்: தள்ளுங்கள். ஆனால் தள்ளுவது உதவியா, ஊழியமா என்பதை அளந்து பார்த்துத் தள்ளுங்கள். அளப்பதற்கு இரண்டு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: நான் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

வழியில் போகும்போது ஒரு வண்டி சிக்கியிருப்பதைப் பார்த்து நீங்களாக நின்று கை கொடுத்தால் அது உதவி. "டேய், அந்தப் பசங்களைக் கூப்பிடு" என்று ஆள் அனுப்பி, போகாவிட்டால் நாளைக்கு வேலை இல்லை, களத்துமேட்டில் கால் வைக்க முடியாது என்ற பயத்தில் போய்த் தள்ளினால் அது உதவி அல்ல. அதற்குத் தமிழில் பழைய பெயர் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கூலியில்லாக் கட்டாய உழைப்பை 'வெட்டி' என்ற சொல் குறிக்கிறது. இரண்டிலும் கை ஒன்றுதான், சேறும் ஒன்றுதான். மறுக்கும் உரிமை இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கூலியில்லாக் கட்டாய வேலையைத் தடை செய்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அப்படி வேலை வாங்குவதைக் குற்றமாக்குகிறது. ஆகவே, கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. போக விருப்பம் இருந்தால் போகிறோம். கூலிக்குரிய வேலை என்றால் கூலி கேட்கிறோம். டிராக்டர் வைத்து இழுக்கிறவர் டீசலுக்குப் பணம் வாங்குவதை யாரும் தவறாகப் பேசுவதில்லை. தோள் கொடுத்து அரை நாள் சேற்றில் நின்றவர் கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

இரண்டாம் கேள்வி: என் வண்டி நின்றால் இந்தக் கை எனக்கும் வருமா?

அம்பேத்கர் எழுதிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறிய தன்வரலாற்றுக் குறிப்புகளை இன்னும் படிக்காதவர்கள் படித்துவிடுங்கள். அதில் வழியில் நின்றுபோன வண்டிகளின் கதைகள் இரண்டு இருக்கின்றன.

1901-ஆம் ஆண்டு. சிறுவன் பீமராவும் உடன் வந்த பிள்ளைகளும் கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டு மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. நல்ல உடை உடுத்திய பிள்ளைகள் தனியாக நிற்பதைப் பார்த்து நிலைய அதிகாரி பரிவோடு விசாரிக்கிறார். மகர்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுகிறது, விலகிப் போகிறார். மாட்டுவண்டிக்காரர்கள் எவரும் வர மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார் என்று முடிவாகிறது. பரிவு இருந்தது. சாதியைக் கேட்கும் வரை மட்டும் இருந்தது.

1929-ஆம் ஆண்டு. இப்போது அவர் படித்துப் பட்டங்கள் பெற்ற பாரிஸ்டர், தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலீஸ்காவில் இறங்குகிறார். அவரை ஏற்றி ஓட்டிப்போக எந்தக் குதிரைவண்டிக்காரரும் தயாராக இல்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறார்கள், ஓட்ட மாட்டார்கள். விருந்தாளியை நடக்க வைக்கக்கூடாது என்று ஓட்டத் தெரியாத ஒரு மகர் கயிற்றைப் பிடிக்கிறார். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கற்களுக்கு இடையில் சிக்குகிறது. அம்பேத்கர் பாலத்தின் கல்தரையில் தூக்கி எறியப்படுகிறார். வண்டியும் குதிரையும் ஆற்றில் விழுகின்றன. அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. கதறி ஓடி வந்து தூக்கிச் சென்றவர்கள் கரையில் இருந்த மகர் குடியிருப்பு மக்கள்.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் கல்லூரியில் படிக்கும் தலித் இளைஞர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காகச் சாதியைச் சொல்லித் திட்டி வெட்டினார்கள் என்பது குடும்பத்தினரின் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பது குற்றம் என்று அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் 2015 திருத்தம் தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. அப்படி எழுத வேண்டிய நிலை இருந்தது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

சாலை என்பது சாதாரண விஷயமல்ல. 1924-இல் வைக்கத்தில் போராடியது கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடப்பதற்காக. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கிணறு, குளம் ஆகியவற்றோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கார் சிக்கிய சாலையும் புல்லட் போகக்கூடாத தெருவும் ஒரே ஊராட்சியின் பணத்தில் போட்டவைதான்.

இன்னொரு வண்டியையும் சொல்லியாக வேண்டும். தேவகோட்டை அருகே கண்டதேவியில் ஒரு தேர் இருக்கிறது. பல நூறு கைகள் சேர்ந்து இழுக்க வேண்டிய வண்டி. தலித் மக்களும் வடம் பிடிப்போம் என்று உரிமை கேட்டதால் 1990-களின் இறுதியில் சிக்கல் வெடித்தது. வழக்குகள் நடந்தன. பல ஆண்டுகள் ஓடாமலே நின்ற தேர், 2024 ஜூனில் பலத்த போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. கார் சேற்றில் நின்றால் எந்தக் கையும் ஆகும். தேர் நிலையில் நின்றால் கையை எண்ணிப் பார்க்கிறார்கள். வேலைக்குக் கை வேண்டும், மரியாதைக்குக் கை வேண்டாம் என்பதுதான் சாதியின் கணக்கு.

அப்படியானால் ஏன் தள்ளச் சொல்கிறேன்? அம்பேத்கர் சுதந்திரம், சமத்துவம் இரண்டோடு சகோதரத்துவத்தையும் பிரிக்க முடியாத ஒன்றாக வைத்தார். சகோதரத்துவத்தைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது, யாராவது பழக வேண்டும். சிக்கி நிற்பவரின் சாதியைக் கேட்டுவிட்டுக் கை கொடுக்க ஆரம்பித்தால், மசூர் நிலைய அதிகாரியின் வேலையைத்தான் நாமும் செய்கிறோம்.

ஆகவே, உதவப் போகிறவர்கள் முறையாகத் தெரிந்துகொண்டு போங்கள். சக்கரம் சுற்றத் தொடங்கினால் முதலில் ஆக்சிலேட்டரை விடச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கை நேராக்கி, டயருக்கு முன்னும் பின்னும் உள்ள சேற்றை வெட்டி எடுங்கள். சிறிய கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தில் இழுப்பவை. கல், சாக்கு, மட்டை எதுவானாலும் இழுக்கிற சக்கரத்துக்கு அடியில் வையுங்கள். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினால் பிடிமானம் கூடும், மேலே ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். கயிறு கட்டினால் பம்பரில் கட்டாதீர்கள், இழுப்பதற்கென்று உள்ள கொக்கியில் கட்டுங்கள். இழுக்கும்போது கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. அறுந்தால் சாட்டை மாதிரி அடிக்கும். தண்ணீரில் மூழ்கி நின்ற எஞ்சினை அங்கேயே ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் எஞ்சினே போய்விடும். இழுத்து வெளியே வைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. ஓடுகிற தண்ணீரில் இறங்காதீர்கள். முழங்கால் அளவு வேகத் தண்ணீரே ஆளைத் தள்ளிவிடும். வண்டிக்குள் ஆள் இருந்தால் 112-க்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ அழையுங்கள். "நீ முதல்ல இறங்கு" என்று எப்போதும் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மலக்குழிக்கும் அதே உடல்களைத்தான் தேடுகிறார்கள். அடுத்தவர் காருக்காக உங்கள் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.

விபத்தில் அடிபட்டவர் இருந்தால் தயங்காமல் 108-ஐ அழையுங்கள், தூக்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி போலீஸோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது. உதவியவரை மதம், சாதி, பாலினம் பார்க்காமல் மரியாதையாக நடத்த வேண்டும் என்று 2020-இல் வந்த விதிகள் சொல்கின்றன. போலீஸுக்குப் பயந்து அடிபட்டவரை விட்டுவிட்டு வர வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் சேற்றிலிருந்து கார் ஏறியதும் கேட்கப்படுகிற ஒரு கேள்விக்கு எந்த விதியும் கிடையாது. தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே கேட்பார்கள்: "எந்த ஊருப்பா? ஊரா, காலனியா?" அங்கே மழுப்பாதீர்கள். பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லித் தப்பிக்காதீர்கள். சேறு படிந்த கையோடு நிமிர்ந்து நின்று, உங்கள் இடத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். நீட்டிய பாட்டில் நீட்டியபடியே இருந்தால் வாங்கிக் குடியுங்கள். பின்வாங்கினால் அது அவருடைய சேறு. அதிலிருந்து அவர்தான் ஏறி வர வேண்டும்.