மலிவாம் மலிவு!

"ஐரோப்பாவிலேயே நாலைந்து லட்சத்துக்கு ஃபிளாட் கிடைக்கிறதாம், நாம்தான் முலுண்டிலும் தானேயிலும் கோடிக்கணக்கில் அழுகிறோம்" என்று நம்மவர்கள் மத்தியில் ஒரு பேச்சு சுற்றுகிறது. பல வருடமாக வீட்டுக்கடன் ஃபைல்களோடு குடித்தனம் நடத்துகிறவன் சொல்கிறேன், இது பாதி உண்மை. மீதிப் பாதியையும் பார்த்துவிடுவோம்.

அந்த நாடு எஸ்தோனியா. மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் குறைவு. தலைநகர் தாலின்னில் ஃபிளாட் விலை சதுர மீட்டருக்கு சுமார் 3,000 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் சதுர அடிக்கு சுமார் 28,000 ரூபாய். நம் புறநகர்களே தேவலை! பல்கலைக்கழக ஊரான தார்த்துவில் கொஞ்சம் குறைவு. ரஷ்ய எல்லையில் உள்ள நார்வாவில் ஆயிரம் யூரோவுக்கும் கீழே. பக்கத்தில் கோத்லா-யார்வே என்ற சுரங்க ஊரில் பழைய ஃபிளாட்டுகள் சில ஆயிரம் யூரோவுக்கே போகின்றன. நம்மவர்கள் வாய்பிளப்பது இந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான்.

ஒரே நாடு, ஒரே சட்டம், 2011 முதல் ஒரே யூரோ. தாலின்னிலிருந்து நார்வா சுமார் 210 கிலோமீட்டர்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? வேலை சார், வேலை! 1857-ல் தொடங்கிய கிரீன்ஹோல்ம் பஞ்சாலைதான் நார்வாவுக்குச் சோறு போட்டது. 2010-ல் அது திவாலானது. ஜனங்களும் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். மும்பையிலும் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் மூடின. ஆனால் பரேலில் விலை ஏறியது, ஏனென்றால் இங்கே வேறு வேலைகள் வந்தன. அங்கே போதுமான அளவுக்கு வரவில்லை.

சரி, மலிவாக வாங்கிவிட்டீர்கள். குளிர்காலத்தில் கட்டடம் முழுவதையும் சூடாக்கியாக வேண்டும். 2018 முதல் அடுக்குமாடிகளுக்குச் சங்கம் கட்டாயம். பாதி வீடு காலியாகி, போனவர்கள் பணம் கட்டாவிட்டால், கூரை ரிப்பேரும் மற்ற பொதுச்செலவும் இருக்கிறவர்கள் தலையில். வாங்கிய விலை குறைவு, வைத்திருக்கும் விலை அதிகம். விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை.

இது எங்கேயோ நடக்கிற கதை இல்லை. "ஊரில் சல்லிசாக வருது, போட்டு வை மாப்ளே" என்று சொல்லும் மாமாக்களை எல்லாருக்கும் தெரியும். 30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். பஸ் வசதி இல்லாத லேஅவுட்டில் வாடகை 7,000 வந்தால் மீதி 19,000-ஐ மாதாமாதம் யார் கட்டுவது? மாமாவா?

எஸ்தோனியாவைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியது விலைக்கு இல்லை. அங்கே வீட்டு விற்பனை நோட்டரி முன்னால்தான் நடக்க வேண்டும். விலை அரசின் நிலத்துறைக்குப் போகிறது. எந்த ஊரில் எத்தனை ஃபிளாட், என்ன விலைக்குக் கைமாறியது என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இங்கே? பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. ரெரா சட்டம் 2016-ல் வந்து கார்பெட் ஏரியா கணக்கில்தான் விற்க வேண்டும் என்று சொல்லியும், சூப்பர் பில்டப் கதை முழுதாக ஓயவில்லை. தேசிய வீட்டுவசதி வங்கி 2007-ல் ஆரம்பித்த ரெசிடெக்ஸ் ஒரு குறியீட்டெண். உங்கள் தெருவில் என்ன விலை என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உண்மை விலையை வெளியிடு என்று கேட்காமல், தரகர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நாமே ஏமாறுகிறோம்.

ஆகவே மக்களே, அடுத்த தடவை "மலிவு" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது? வாடகை என்ன வரும்? நாளைக்கு விற்றால் யார் வாங்குவார்கள்? பதில் வராவிட்டால் பணத்தை எஃப்.டி.யிலேயே போட்டு வையுங்கள்.