பறை இல்லாத கொயர்

சங்கீதங்களுக்கு நவீன கொயர் இசை கேட்க வேண்டுமா? பெர்ன்ஸ்டீனின் ‘சிச்செஸ்டர் சாம்ஸ்’ கேளுங்கள் தோழர்களே. 1965-இல் ஓர் ஆங்கிலப் பேராலயத்துக்காக எழுதியது. பிராட்வே நாடகம் ஒன்றுக்குப் போட்டு ஒதுக்கிவைத்த தெரு கோஷ்டிகளின் மெட்டு அதற்குள் இருக்கிறது. பாங்கோவும் ஒலிக்கிறது. பேராலயத்தின் புனிதம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

நம்மூரில் பறையைத் தூக்கிக்கொண்டு கொயர் பக்கம் போனால் ‘சாவு மேளம்’ என்கிறார்கள். இது ரசனை இல்லை, சாதி. 150-ஆம் சங்கீதம் துதிக்கச் சொல்லும் கருவிகளில் ஒன்று எபிரேயத்தில் ‘தோஃப்’. சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய மேளம். பறையும் அதுதானே? பழைய தமிழ் பைபிளில் அது ‘தம்புரு’ ஆனது, பொது மொழிபெயர்ப்பில் ‘மத்தளம்’ ஆனது. ‘பறை’ என்று எழுத மட்டும் மனம் வரவில்லை.

பிள்ளைச்சாவடியில் பஸ் ஏறினால் சம்பா கோவில். அன்றைய சம்பா கோவிலுக்குள் நம் மக்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745-இல் அவர்கள் பாதிரியாரிடமே நியாயம் கேட்டு அதை இடிக்க வைத்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் படிக்கலாம். கொயரில் அந்தச் சுவர் இன்னும் இடியவில்லை.

முடியாத காரியமா? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு கிராமிய மெட்டில், பறையோடு வழிபாட்டையே அமைத்துக் காட்டினார். அவர் இறந்தது 2005-இல். நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறுக்கு மட்டும் பறையை வெளியே எடுப்பவர்களே, மற்ற 51 ஞாயிறும் அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்?