விபத்தில் நசுங்கிய கார்: ரிப்பேர் பண்ணலாமா, விட்டுடலாமா? 75% கணக்கு இதுதான்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் வீடு திரும்புகிறீர்கள். முன்னால் போன ட்ரெய்லர் சட்டென பிரேக் போடுகிறது. ஏர்பேக் விரிந்ததால் உங்களுக்குக் காயமில்லை. ஆனால், காரின் முன்பக்கம் காலி. ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள்: “கவலைப்படாதீங்க சார், புதுசு மாதிரி ஆக்கிடலாம்.”

ஆக்கலாம்தான். ஆனால், ஆக்கணுமா?

75% என்பது யாருடைய கோடு?

உங்கள் பாலிசியில் ‘ஐடிவி’ என்று ஒரு தொகை இருக்கும். கார் முழுசாகப் போனால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுக்கும் உச்சத் தொகை அது. ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால், ‘டோட்டல் லாஸ்’. தாண்டாவிட்டால் பெரும்பாலும் ரிப்பேர்தான். ஆனால், இது அவர்களுக்கான கணக்கு. உங்களுடைய கணக்கு வேறு.

உதாரணத்துக்கு, 4 வயது தாண்டிய கார். ஐடிவி 5 லட்சம். 75% என்றால் 3.75 லட்சம். எஸ்டிமேட் 3.6 லட்சம் வருகிறது, ஆக, ரிப்பேர். இதில் இரும்பு பாகங்கள் 1.5 லட்சம், பிளாஸ்டிக்கும் ஏர்பேக்கும் 1.2 லட்சம், மீதி கண்ணாடியும் லேபரும் என்று வைத்துக்கொள்வோம். ‘ஜீரோ டெப்’ எடுக்காதவர்களுக்கு, இந்த வயது காரின் இரும்பு பாகங்களில் 35%, பிளாஸ்டிக், ஏர்பேக்கில் 50% தேய்மானமாகக் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. அப்படியும் உங்கள் கையிலிருந்து போவது 1.12 லட்சத்துக்கு மேல்!

பணம் மட்டுமல்ல

இப்போதைய கார்கள் பெரும்பாலானவற்றில் தனி சேஸி கிடையாது, பாடியேதான் சேஸி. பம்பர், பானெட், கதவு போனால் மாற்றிவிடலாம். பில்லரோ, முன்பக்க ஃப்ரேமோ வளைந்திருந்தால், டிங்கரிங், பெயின்ட்டிங்கில் வெளித்தோற்றம்தான் சரியாகும். அடுத்த மோதலில் அது உங்களைக் காப்பாற்றுமா என்பது வேறு விஷயம். தினமும் ட்ரெய்லர்களுக்கு நடுவே ஓட்டுபவர்கள் இதில் சமரசம் செய்யக் கூடாது என்பதே என் கருத்து.

அதனால், பாகங்களை முழுசாகக் கழற்றிப் பார்த்த பிறகே இறுதி எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள். உள்ளே மறைந்திருக்கும் சேதம் சேரும்போது 75% கோடு தாண்டவும் வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் சர்வேயரும் இருக்கட்டும். வளைந்த இடங்களை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டோட்டல் லாஸ் ஆனால்..?

கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். பாக்கி ஐடிவியைவிட அதிகமென்றால், இல்லாத காருக்கு இஎம்ஐ கட்ட வேண்டியதுதான்! புது கார் புக் பண்ணும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, நசுங்கிய காரை ஆர்சி புக்கோடு யாரிடமும் சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள். அந்த எண்களைத் திருட்டு வண்டிக்குப் பொருத்தும் மோசடிகள் நடக்கின்றன. போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். இனி ஓடவே முடியாத வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55-ன்படி 14 நாட்களுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும்.

முதல் காரை விட மனசு வராதுதான். ஆனால், பில்லர் வளைந்த காரில் நாளைக்கு வீட்டு ஆட்களை உட்கார வைப்பீர்களா? இதற்குப் பதில் தெரிந்த பிறகு எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.