முகத்தை மட்டும் பகிராதீர்கள்



"வைஃபையைக் கண்டுபிடித்தது இந்த ஹாலிவுட் நடிகைதான்!" என்ற பதிவு இந்த வாரம் மட்டும் நான்கு குழுக்களில் வந்துவிட்டது. அனுப்பியவர்களில் இருவர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஹெடி லாமர் வைஃபையைக் கண்டுபிடிக்கவில்லை. அவரும் ஜார்ஜ் ஆன்டைல் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து 1942-இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். (பதிவில் ஆன்டைல் பெயரே இல்லை, பாவம்.) டார்பிடோவை ரேடியோ அலையால் செலுத்தும் முறை அது. ஒரே அலைவரிசையில் கட்டளை போனால் எதிரி அதிலேயே இரைச்சலைக் கிளப்பி மறித்துவிடுவான். ஆகவே அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே வரிசைப்படி அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு இரு பக்கமும் ஒரே மாதிரித் துளையிட்ட காகிதச் சுருள், தானாக வாசிக்கும் பியானோவில் இருக்குமே, அதுபோல. பியானோக் கட்டைகளின் கணக்கிலேயே 88 அலைவரிசைகள்! அலைவரிசை தாவும் எண்ணம் முன்பே சிலருக்கு இருந்தது. இந்தச் சுருள் இவர்களுடையது. கடற்படை அப்போது அதைப் பயன்படுத்தவில்லை.

நீங்கள் பாட்டு கேட்கும் ப்ளூடூத் இப்படித்தான் தாவுகிறது. 79 அலைவரிசைகள், நொடிக்கு 1600 தாவல். பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் மோதிய துண்டு மட்டும் கெடும். வேறு இடத்துக்குத் தாவி அதை மறுபடி அனுப்பிவிடும். 2003-க்குப் பின் வந்தவை கெட்ட இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு அவற்றைத் தவிர்த்தும் போகும்.

ஜிபிஎஸ் தாவுவதில்லை, விரிக்கிறது. அதன் செயற்கைக்கோள்கள் எல்லாம் 1575.42 மெகாஹெர்ட்ஸில் ஒரே நேரத்தில் பேசுகின்றன. நம்மிடம் வந்து சேரும்போது அந்த ஒலிபரப்பு பின்னணி இரைச்சலைவிட மெலிந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் 1023 துணுக்குகள் கொண்ட தனிக் குறியீடு உண்டு. அதைப் பொருத்திப் பார்த்தால் அந்தக் கோள் மட்டும் தெளிந்து வரும், மற்றவை இரைச்சலாகவே நின்றுவிடும். கல்யாண மண்டபக் கூச்சலில் அம்மாவின் குரல் மட்டும் காதில் விழுவதில்லையா?

வைஃபை? 1997-இல் வந்த முதல் தரத்தில் தாவலும் விரித்தலும் இருந்தன. இன்று உங்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் வேறு முறை, தகவலைப் பல துணை அலைகளில் பிரித்து அனுப்புவது.

"ஒரு பெண்ணுக்குப் பெருமைதானே டீச்சர்?" என்பீர்கள். எது பெருமை? அன்று அந்த முகத்தை வைத்துப் போர்ப் பத்திரம் விற்றார்கள். இன்று நீங்கள் லைக் வாங்குகிறீர்கள். அவர் என்ன யோசித்தார் என்று ஒரு வரி எழுத யாருக்கும் நேரமில்லை.

அடுத்த முறை அந்தக் காகிதச் சுருளையும் ஆன்டைலையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் எனக்கு அனுப்பவே வேண்டாம்.