குசினிக்கு லமினேற் தரை: விற்பவர் சொல்லாமல் விடுவது

புலம்பெயர்ந்த தமிழர் ஒரு வீட்டை வாங்கினால் முதலில் உடைப்பது குசினியைத்தான். உடைப்பதில் தவறேதும் இல்லை. ஆனால், உடைத்த குசினியின் தரையில் லமினேற் பலகைகளைக் கொளுவிவிட்டு, 'மரம் போட்டிருக்கிறோம்' என்று விருந்தினருக்குக் காட்டுவது ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒரு வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் லமினேற் போடுபவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. தமிழர் சமைக்கும் குசினிக்கு அது ஒவ்வாத பொருள் என்பதே என் வாதம். ஒவ்வாது என்பது விற்பவருக்கும் தெரியும் என்பது அதன் இரண்டாம் பகுதி.

லமினேற் என்பது மரமன்று, மரத்தின் புகைப்படம். சுவீடனைச் சேர்ந்த பேர்ஸ்ரோர்ப் நிறுவனம் 1977இல் இதனை உருவாக்கியது. பின்னர் 'பேர்கோ' என்ற பெயரில் ஐரோப்பாவிலும், 1994 முதல் அமெரிக்காவிலும் விற்றது. மர நார்களைப் பிசினுடன் சேர்த்து உயர் அழுத்தத்தில் இறுக்கிய பலகை நடுவிலே இருக்கும். அதன்மேல் மரத்தின் ரேகைகளை அச்சிட்ட தாள். அதற்கும் மேலே, மெலமைன் பிசினில் தோய்ந்து, அலுமினியம் ஒக்சைட் துகள்கள் சேர்ந்த தெளிவான படலம். அடியில், பலகை வளையாதிருக்க மற்றொரு தாள்.

மேற்படலத்தைக் குறைகூற முடியாது. மஞ்சளும் மிளகாய்த்தூளும் அதில் எளிதில் ஊறுவதில்லை. உடனே துடைத்தால் போய்விடும். பழுது இருப்பது விளிம்பில். இரு பலகைகள் ஒன்றோடொன்று கொளுவும் பொருத்தில், அந்தப் படலத்தின் பாதுகாப்பு முடிந்து, உள்ளேயிருக்கும் நார்ப்பலகை தொடங்குகிறது. அங்கே தண்ணீர் இறங்கினால், அழுத்தி வைக்கப்பட்ட நார்கள் விரிந்து எழும்பும். உலர்ந்த பின்னரும் அவை முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சிங்கின் முன்னால் பலகையின் ஓரங்கள் மேடுதட்டி, வெள்ளை விளிம்பு தெரியும் வீடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறோம். அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றலாம் என்றால், அதே வடிவம் சந்தையிலிருந்து மறைந்து போயிருக்கும்.

நமது குசினியில் நடப்பது என்ன? அரிசி களைகிறோம், மீன் கழுவுகிறோம், கீரை அலசுகிறோம். தோசைமா இரவில் பொங்கி வழிகிறது. பொரியல் நாளில் எண்ணெய் தெறிக்கிறது. பிறகு தரையைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்துக் கழுவினால்தான் சமைத்தவருக்கு மனம் ஆறும். லமினேற்றின் பராமரிப்புத் தாளோ, பிழிந்த துணியால் துடை, தண்ணீர் தேங்கவிடாதே, நீராவித் துடைப்பானைக் கொண்டுவராதே என்கிறது. அதாவது, தரைக்காக நாம் சமைக்கும் முறையை மாற்றவேண்டும். தரையைத் தெரிவுசெய்பவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவர்; அதை மண்டியிட்டுத் துடைப்பவர் வேறொருவர். கடைக்குப் போகும்போது அந்த வேறொருவரையும் கூட்டிச் செல்பவர்கள் எத்தனை பேர்?

கடைகளில் 'ஏசி 3', 'ஏசி 4', 'ஏசி 5' என்று ஓர் இலக்கத்தைக் காட்டுவார்கள். இலக்கம் கூடினால் தரமும் கூடும், ஆகவே தண்ணீரையும் தாங்கும் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும் என்று விற்பவரும் விட்டுவிடுகிறார். அந்த இலக்கம் மேற்பரப்பின் தேய்மானத்தைக் குறிப்பது. தண்ணீரைப் பற்றி அறிய வேண்டுமானால், பலகையின் தொழில்நுட்பத் தாளில் 'தடிப்பு வீக்கம்' என்ற வரியைத் தேடவேண்டும். 24 மணிநேரம் நீரில் வைத்தால் விளிம்பு எவ்வளவு பருக்கும் என்பதே அது. சில தாள்களில் 18 சதவீதம் வரை என்று இருக்கும். எட்டு மில்லிமீற்றர் பலகையில் அது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர். கால்விரல் தடுக்க அது போதும்.

'இப்போது நீர்புகாத லமினேற் வந்துவிட்டதே' என்பார்கள். வந்திருக்கிறது, பழையதைவிட நல்லதும்கூட. மெழுகு பூசிய விளிம்பும் இறுக்கமான பொருத்தும் சிந்திய தண்ணீரைச் சில மணிநேரம் மேலேயே நிறுத்திவைக்கும். ஆனால், பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் அந்த மணிநேரக் கணக்கு மேலிருந்து சிந்தும் தண்ணீருக்கானது. டிஷ்வோஷரின் குழாய் கசிந்து அடியிலே பரவும் தண்ணீர் எந்தப் பொருத்தையும் கேட்டு வருவதில்லை. உத்தரவாதப் பத்திரத்தின் சிறிய எழுத்தைப் படியுங்கள். வெள்ளமும் சாதனங்களின் கசிவும் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். ரொறன்ரோவில் ஒரு கடையில், விற்பனையாளர் மாதிரிப் பலகையின்மேல் கிளாஸ் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். 'விளிம்பை அதில் முக்கி வையுங்கள், நாளைக்கு வருகிறேன்' என்றேன். சிரித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார். வாசகர்கள் இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். மாதிரித் துண்டைக் கடைகள் இலவசமாகவோ சொற்ப விலைக்கோ தருகின்றன.

தண்ணீரோடு விவகாரம் முடியவில்லை. நார்களைப் பிணைக்கும் பிசினில் பெரும்பாலும் போர்மல்டிஹைட் உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தியது. அமெரிக்காவில் லம்பர் லிக்விடேற்றர்ஸ் நிறுவனம் விற்ற சீனத் தயாரிப்பு லமினேற் குறித்து, 2015 மார்ச்சில் சி.பி.எஸ் தொலைக்காட்சியின் '60 மினிற்ஸ்' நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. மறுவருடம் பெப்ரவரியில் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் மதிப்பீட்டை வெளியிட்டது: இலட்சம் பேரில் 2 முதல் 9 மேலதிகப் புற்றுநோயாளர். சில நாட்களில் அந்தக் கணக்கே பிழையென்று தெரியவந்தது. கூரையின் உயரத்தை அடியிலிருந்து மீற்றருக்கு மாற்றத் தவறியிருந்தார்கள். திருத்திய கணக்கு 6 முதல் 30. (ஒரு செய்தியாசிரியர் கண்ணில் பட்டிருந்தால் முதல் வாசிப்பிலேயே பிடிபட்டிருக்கும் என்று தொழிற்பெருமை பேசத் தோன்றுகிறது.) அந்த அபாயம் 2012 முதல் 2014 வரை செய்யப்பட்ட குறிப்பிட்ட பலகைகளைப் பற்றியது, எல்லா லமினேற்றும் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கச் சமஷ்டி விதிகள் 2018இலும் கனடாவின் விதிகள் 2023 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்னர் மலிவு விலையில் வாங்கிப் பதித்தவர்கள் எதை வாங்கினார்கள் என்பதற்கு யார் பொறுப்பு?

நம்மவர்களின் இலவச வாரப் பத்திரிகைகளில் இதைப் படித்திருக்கிறீர்களா? அவை வீடு விற்பவர்களும் வீடு திருத்துபவர்களும் தரும் விளம்பரங்களில் உயிர் வாழ்பவை. விளம்பரப் பக்கம் உரக்கப் பேசும்போது செய்திப் பக்கம் அடக்கமாக இருக்கும் என்பதை இத்தொழிலில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் எதைப் போடுவது? யாழ்ப்பாணத்து வீடுகளில் இழைத்த சீமெந்துத் தரை மூன்று தலைமுறைக்குத் தண்ணீர் ஊற்றக் கழுவக் கிடந்தது. பனி விழும் நாட்டின் மரச்சட்டத் தளத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. பொர்சலின் ரைல்ஸ் அரைச் சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. ஆனால் குளிரும், முழங்காலுக்குக் கடினம், அடித்தளம் அசைந்தால் வெடிக்கும். என் தெரிவு, யாரும் பெருமையாகக் காட்டாத ஷீற் வினைல். சாதாரணக் குசினியின் அகலத்துக்கு ஒரே துண்டாக விரிக்கலாம். பொருத்தே இல்லாத இடத்தில் தண்ணீர் எங்கே இறங்கும்? விலையும் பெரும்பாலும் குறைவு. 1980களுக்கு முந்திய வீடானால், அடியில் இருக்கும் பழைய வினைல் சதுரங்களைப் பெயர்ப்பதற்கு முன் அஸ்பெஸ்ரஸ் உண்டா என்று பரிசோதியுங்கள்.

ஏற்கெனவே லமினேற் பதித்துவிட்டவர்கள் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. சிங்குக்கும் டிஷ்வோஷருக்கும் முன்னால் இறப்பர் அடி கொண்ட விரிப்பு ஒன்றைப் போட்டு, அடிக்கடி தூக்கி உலர்த்துங்கள். சுவரோரத்தில் விரிவுக்காக விட்ட இடைவெளியில் நெகிழும் சிலிக்கோனை இடுங்கள். இறுகும் பசை வேண்டாம். தளத்தின்மேல் கனமான கபினற்றைத் திருகி அறைந்திருந்தால், தளம் பருவத்துக்கேற்ப விரிந்து சுருங்க வழியின்றி வேறிடத்தில் பொருத்து விலகும். அதைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய தரையின்மேலேயே புதிய பலகையை விரித்த வீடுகளில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். முன்தரை உயர்ந்து, டிஷ்வோஷர் மேசைப்பலகைக்குக் கீழே சிறைப்பட்டிருக்கும். அது கசியும் நாளில், வெளியே இழுக்கத் தரையைத்தான் முதலில் வெட்டவேண்டி வரும்.