கயிறு இரண்டு, வலை ஒன்று

 

சென்ற மாதம் புல்மோட்டைக்குப் போகும் வழியில் திரியாயில் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கினேன். காலையில் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்கு இரண்டு கயிறு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. ஓர் அணி முந்தினால் வலை கோணிப் போகும், மீன் தப்பிவிடும். அதனால் இரு அணியும் ஒரே குரலுக்கு இழுத்தன. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என் சொந்தத் தவறொன்று நினைவுக்கு வந்தது.

எங்கள் மத்ரஸாவில் இரண்டு கணினி அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்விட்ச். இது விளக்குப் பொத்தான் அல்ல. பல கணினிகளின் கேபிள்களைச் சேர்த்து, ஒன்றின் செய்தியை மற்றதற்குக் கொடுக்கும் சிறு பெட்டி. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரே கேபிள்தான். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பிள்ளைகள் உம்மாமாரோடு வந்து காத்திருந்தார்கள். வேகம் போதவில்லையே என்று நான் இரண்டாவது கேபிளைச் செருகினேன். சில நொடிகளில் இரு அறைகளும் செயலற்றுப் போயின.

“மௌலவி, நீங்க போட்ட கேபிளைக் கழற்றுங்க” என்றாள் ஒரு மாணவி. கழற்றியதும் எல்லாம் சரியாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், விண்ணப்பங்களும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

நடந்தது இதுதான். எல்லாருக்குமான ஓர் அறிவிப்பு ஒரு கேபிளால் போய் மறு கேபிளால் திரும்பி, பெருகிப் பெருகிச் சுற்றிக்கொண்டே இருந்தது. விலை கூடிய ஸ்விட்ச் என்றால் ஒரு கேபிளைத் தானே அடைத்துவிடும். அப்போதும் அந்தக் கேபிள் சும்மாதான் கிடக்கும். இரண்டும் உழைக்க வேண்டுமானால், “இவை இரண்டும் ஒன்று” என்று இரு பெட்டிகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். இதற்கு லிங்க் அக்ரிகேஷன் என்று பெயர். 2000ஆம் ஆண்டில் இதற்குப் பொதுவான விதி வகுக்கப்பட்டது. அதன்படி இரு பெட்டிகளும் தமக்குள் பேசி உடன்படுகின்றன. ஒரு பக்கமாவது பேச்சைத் தொடங்க வேண்டும். இரண்டும் மற்றது தொடங்கட்டும் என்றிருந்தால் இணைப்பு ஏற்படாது. கேபிள்களின் வேகமும் ஒன்றாயிருக்க வேண்டும். முதலில் அமைப்பு, பிறகே கேபிள். நான் செய்தது தலைகீழ். எங்கள் மலிவான பெட்டிகளில் அந்த வசதியே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

இதன் பலனையும் அளவாகச் சொல்லவேண்டும். ஒரு கிகாபிட் கேபிள் இரண்டு சேர்ந்தாலும், ஒருவர் அனுப்பும் ஒரு கோப்பு ஒரே கேபிளில்தான் போகும். அதன் வேகம் இரட்டிப்பாகாது. பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் பாரம் பகிரப்படும். வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பு மெதுவானது என்றால் இது அதை வேகமாக்காது. பெரிய நன்மை வேறு: ஒரு கேபிள் அறுந்தாலும் மற்றது வேலையைத் தொடரும். ஆனால் இரண்டையும் ஒரே குழாயில் கொண்டுபோனால், ஓர் எலி இரண்டையும் கடித்துவிடும்.

2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சேதப்படுத்தியது. நாட்டின் இணையமும் வெளிநாட்டு அழைப்புகளும் பெரிதும் தடைப்பட்டன. கணவர் வளைகுடாவில் இருந்த வீடுகளுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னர் வேறு கேபிள்கள் வந்தன. 2016 இறுதியில் கட்டி முடிக்கப்பட்ட கேபிள் ஒன்று கொழும்பில் அல்லாமல் மாத்தறையில் கரையேறுகிறது. கடலடிக் கேபிள்களைக் கையாளும் முறை வேறு. ஆனால் பாடம் ஒன்றே.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளின் பாடசாலையிலோ மகனின் கடையிலோ இரண்டாவது கேபிள் போட யாராவது வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: “இரு பெட்டியிலும் ஒன்றாக அமைத்தீர்களா? இரண்டு கேபிளும் வேறு வேறு வழியாகவா போகின்றன?” இந்த இரண்டையும் நான் அன்று கேட்டிருந்தால், அந்த உம்மாமாரின் நெஞ்சு பதறியிருக்காது.